யுவான் சுவாங் காட்டிய வழி

ரயில் நிலையத்தில் பணியாற்றும் என் போன்றோருக்குப் பிரயாணம் என்பது அன்றாடக் காட்சி. நாள்தோறும் மக்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றனர், வண்டி ஏறுகின்றனர், போகின்றனர். பல தேசம் கண்டால் மனம் விரியும். மனம் விரிந்தால் பகை ஒழியும். பகை ஒழிந்தால் உலகில் சமாதானம் நிலவும் என்று அறிஞர் பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். ஆயினும், இருபத்திரண்டு ஆண்டுகளாக வண்டிகளையும் பயணிகளையும் பார்த்துவரும் எனக்கு இதில் ஓர் ஐயம் உண்டு. அலைந்தவர் அனைவரும் அறிந்தவராவர் எனில், உலகில் ரயில் ஓடத் தொடங்கிய பின் யுத்தமே மூண்டிருக்கக் கூடாது. படைகளும் ரயிலில்தானே சென்றன!

அங்ஙனமாயின், எத்தகைய பிரயாணம் மக்களை மக்களோடு இணைக்கும்? இவ்வினாவுக்கு விடை தேட நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. பிழைப்பின் பொருட்டு நாம் வந்து குடியேறியிருக்கும் இப் பீகார் மண்ணிலேயே அவ்விடை கிடக்கின்றது. பக்தியார்பூரிலிருந்து ராஜகிருகம் செல்லும் பாதையில் நாலந்தா என்றொரு சிறிய நிலையம் உண்டு. ஓர் ஓய்வு நாளில் குடும்பத்தாருடன் அங்குச் சென்று, செங்கல் இடிபாடுகளைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினேன். அதன் பின்னர் இன்ஸ்டிடியூட் வாசகசாலையில் கிடைத்த ஆங்கில நூல்களை ஓய்வு வேளைகளிற் படிக்கலானேன். நான் மெட்ரிகுலேஷன் தேறியவன், சரித்திர ஆராய்ச்சியாளனல்லன். எனினும், படித்ததை நம் சங்கத்துக் குடும்பத்தாருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். இதனை எழுதத் தூண்டிய சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதனை இறுதியிற் கூறுவேன்.

புறப்பாடு

கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன தேசத்து லோயாங் நகரின் அருகே பிறந்தவர் யுவான் சுவாங். இளமையிலேயே பௌத்தத் துறவியானார். தம் நாட்டில் வழங்கிய நூல்களைக் கற்கக் கற்க அவருக்கு ஐயமே வளர்ந்தது. ஒரே சூத்திரத்துக்கு ஓர் ஆசிரியர் ஒரு பொருள் கூறினார். மற்றோர் ஆசிரியர் வேறு பொருள் கூறினார். மொழிபெயர்ப்புகளும் தம்முள் முரண்பட்டன. ஆகவே, நூல்கள் பிறந்த நாட்டுக்கே சென்று, மூல மொழியிலேயே பயின்று தெளிவதென உறுதி பூண்டார்.

அக்காலத்தில் தாங் வம்சத்து ஆட்சி புதிதாக ஏற்பட்டிருந்தது. எல்லை கடந்து செல்ல எவருக்கும் அனுமதியில்லை. யுவான் சுவாங் செய்த விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 629-ஆம் ஆண்டில், அரசாணையை மீறி, மறைவாகப் புறப்பட்டார். எல்லைக் காவற்கோபுரத்தருகே இரவில் நீர் எடுக்கச் சென்றபோது, காவலர் எய்த அம்பு அவர் முழங்காலை ஒட்டிச் சென்றது. கோபுரத்தின் தலைவனோ பௌத்தன். துறவியின் நோக்கத்தை அறிந்து உணவும் நீரும் அளித்து வழியனுப்பினான்.

பாலைவனத்தில் நீர் நிறைந்த தோற்பை கைதவறி விழுந்து, நீர் முழுதும் மணலிற் கலந்தது. நீருக்காகச் சற்றுத் தூரம் திரும்பி நடந்தவர், பாரதம் சேராமல் கிழக்கு நோக்கி ஓரடியும் வையேன் என்று தாம் கொண்ட விரதத்தை நினைந்து மீண்டும் மேற்கே திரும்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீரில்லை. வழியறிந்த கிழக்குதிரை ஒன்றே அவரைப் புல்லும் நீரும் உள்ள இடத்துக்குக் கொண்டு சேர்த்தது.

துருபான் பகுதியை ஆண்ட மன்னன் அவரைப் போற்றி வரவேற்றான். பின்னர்ப் போகவிட மறுத்தான். அன்பும் சில வேளைகளிற் சிறையாகிவிடும் போலும்! யுவான் சுவாங் உண்ணாநோன்பு பூண்டார். மூன்று நாள் கழிந்தபின் மன்னன் மனமிரங்கினான். இருவரும் சகோதரராக உறுதி பூண்டனர். திரும்பி வருங்கால் மூன்றாண்டு தங்கிச் செல்வதாகத் துறவி வாக்களித்தார். மன்னன் வழியிலுள்ள 24 அரசர்களுக்குப் பரிந்துரைக் கடிதங்களும் அவற்றோடு பட்டும் கொடுத்தனுப்பினான். பனிமலையைக் கடக்கையில் உடன் வந்தோருள் பத்தில் மூவர் நால்வர் குளிராலும் பசியாலும் மாண்டனர். இவ்வாறு வந்தவர் கையில் வாளில்லை, விற்பனைச் சரக்குமில்லை. கற்க வேண்டும் என்னும் ஒரே நோக்கம் இருந்தது.

நாலந்தாவில்

அக்காலத்து நாலந்தாவின் தலைவர் சீலபத்திரர். வங்கத்துச் சமதடத்திற் பிறந்த இம் முதியவரின் காலடியில் அமர்ந்து யுவான் சுவாங் யோகாசார நூல்களைப் பயின்றார். வடமொழி இலக்கணத்தையும் பிற சமயத்தார் நூல்களையும் கற்றார். விருந்தினராகிய அவருக்கு மகாசாலி என்னும் சிறந்த அரிசியும், பாக்கும், கர்ப்பூரமும் நாள்தோறும் அளிக்கப்பட்டன. அரசர்க்குரிய அவ் அரிசியைச் சமைத்தால் மணம் கமழும் என்று அவர் வரலாறு கூறுகின்றது. அயல்நாட்டு மாணவனுக்கு இன்ன உணவு என்று எண்ணிக் கொடுத்த அக் கல்விச்சாலையின் பெருந்தன்மையை நம் இல்லத்தரசியர் நன்கு உணர்வர்.

அங்கு நிகழ்ந்ததாக அவருடைய சீடர் எழுதிய வரலாற்றில் ஒரு செய்தி காணப்படுகின்றது. பிறசமயப் பண்டிதர் ஒருவர் 40 கோட்பாடுகளை எழுதி நாலந்தாவின் வாயிலில் ஒட்டி, இவற்றை மறுப்போர்க்கு என் தலையைத் தருவேன் என்று சபதம் கூறினார். யுவான் சுவாங் வாதிட்டு வென்றார். தோற்றவர் தலையைக் கொடுக்க முன்வந்தார். துறவியர் உயிர் கொள்ளார் என்று கூறி, அவரைத் தம் ஏவலராக மட்டும் வைத்துக்கொண்டார் யுவான் சுவாங்.

சின்னாளில், தமக்கு எதிரான ஒரு நூலின் பொருள் யுவான் சுவாங்குக்கு விளங்கவில்லை. அந்நூலை அவ் ஏவலர் ஐந்து முறை பாடங்கேட்டவர் என்பது தெரிந்தது. எனக்குக் கற்பியுங்கள் என்று வேண்டினார். ஏவலனிடம் பாடங்கேட்டதாகப் பிறர் அறிந்தால் தங்கள் பெயருக்கு இழுக்கு. ஆகவே இரவில் உரைப்பேன் என்றார் அப் பண்டிதர். இரவில் அவரிடம் பாடங்கேட்ட யுவான் சுவாங், பின்னர் அவரை விடுதலை செய்தார். விடுதலை பெற்றவர் காமரூபம் சென்று, அந்நாட்டு மன்னன் பாஸ்கரவர்மனிடம் தம்மை வென்றவரின் புகழையே எடுத்துரைத்தார். அம் மன்னன் சீனத் துறவியைத் தன் நாட்டுக்கு அழைத்தான். சீடர் எழுதிய வரலாறு ஆதலின் இதில் மிகை சிறிது இருக்கலாம். ஆயினும், வென்றவனே தோற்றவனிடம் மாணவனாக அமர்ந்தான் என்பதைச் சீடர்கள் தம் குருவுக்குப் பெருமையாகவே எழுதி வைத்தனர்.

காஞ்சியில்

யுவான் சுவாங் தென்னாட்டுக்கும் வந்தார். 640-ஆம் ஆண்டை ஒட்டிப் பல்லவர் தலைநகரான காஞ்சீபுரத்தை அடைந்தார். நம் நாட்டைத் திராவிடம் என்றே அவர் குறிக்கின்றார். மண் வளமுடையது, வெப்பம் மிகுந்தது, மக்கள் அஞ்சாநெஞ்சினர், நம்பத்தக்கவர், கல்வியைப் போற்றுபவர் என்பது அவர் நமக்கு அளித்த நற்சான்று. அங்கு நூறு பௌத்த மடங்களும் எண்பது தேவாலயங்களும் இருந்தன என்றும், சமணர் பலர் வாழ்ந்தனர் என்றும் எழுதுகின்றார். காஞ்சியிலிருந்து இலங்கைக்குச் செல்லக் கருதினார். ஆனால் அங்கிருந்து வந்த பிக்குகள், தம் மன்னன் இறந்தான் என்றும் நாட்டிற் பஞ்சம் என்றும் கூறவே, அவ் எண்ணத்தைக் கைவிட்டார்.

ஈண்டு நாம் சிறப்பாக நினைவுகூரத் தக்கது ஒன்றுண்டு. சீலபத்திரரின் குருவாக விளங்கி, அவருக்கு முன் நாலந்தாவிற் புகழ்பெற்றிருந்தவர் தருமபாலர். அவர் காஞ்சியிற் பிறந்தவர், அந்நாட்டு அமைச்சர் ஒருவரின் மகன் என்று யுவான் சுவாங் எழுதுகின்றார். காஞ்சியிற் பிறந்தவர் மகத நாட்டில் ஆசிரியர். வங்கத்தார் அவருக்கு மாணவர். சீனத்தார் அம் மாணவருக்கு மாணவர். தமிழ்நாட்டிலிருந்து பீகாருக்கு வந்து வாழ்ந்தவர் நாம் மட்டும் அல்லோம். நமக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் வந்திருக்கின்றார். வந்தவர் தம் ஊராரோடு மட்டும் கூடியிருந்திருப்பின், சீலபத்திரர் என்னும் மாணவர் அவருக்கு வாய்த்திருப்பாரோ?

பகைவரின் நடுவே

அக்காலத்துப் பாரதம் அமைதியாக இருந்ததென எண்ணற்க. வடக்கே ஹர்ஷரும் தக்காணத்தில் இரண்டாம் புலகேசியும் போரிட்டவர்கள். புலகேசிக்கும் பல்லவருக்கும் தீராப் பகை. 642-ஆம் ஆண்டளவில் நரசிம்மவர்மப் பல்லவன் வாதாபியைக் கைப்பற்றினான். இம் மூவர் நாடுகளிலும் யுவான் சுவாங் தடையின்றி நடந்தார். ஹர்ஷரின் விருந்தினராக இருந்து அவர் கொடையைப் போற்றியவரே, ஹர்ஷருக்குப் பணியாத மராட்டிய நாட்டாரின் மானத்தையும் நன்றியறிதலையும் போற்றி எழுதினார். ஒரு நாட்டின் உப்பைத் தின்றமைக்காக மறு நாட்டை இகழ்ந்துரைக்கவில்லை.

அவரிடமும் குறையுண்டு. பௌத்தக் கண்கொண்டே அவர் பெரும்பாலும் உலகைப் பார்த்தார். ஹர்ஷர் கன்னோசியில் கூட்டிய மாபெரும் சபையில் யுவான் சுவாங் தலைமை வாதியாக அமர்ந்தார். அவருக்குத் தீங்கு செய்பவனின் தலை போகும், அவரைப் பழிப்பவனின் நாக்குப் போகும் என்று ஹர்ஷர் ஆணையிட்டிருந்தார். இத்தகைய சபையில் அச்சத்தால் வாய்மூடி இருந்தோரும் இருந்திருப்பர். அரசன் வாளை ஓங்கி நிற்கும் இடத்தில் உண்மையான மனமாற்றம் விளைவது அரிது. அச் சபையில் புத்தகயை மகாபோதி மடத்தைச் சேர்ந்த பிரக்ஞாதேவர் என்னும் துறவியும் இருந்தார். அவர் வேறு பிரிவினர். வாதத்தின் வேகத்தில் இருவருக்குமிடையே கடுஞ்சொற்கள் பிறந்தன. இப் பெயரை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

அரசர் உறவும் துறவியர் உறவும்

கடல்வழியே திரும்புவதாயின் உடன் தூதரை அனுப்புவதாக ஹர்ஷர் கூறியும், துருபான் மன்னனுக்கு அளித்த வாக்கை எண்ணி, யுவான் சுவாங் தரைவழியையே மேற்கொண்டார். ஆனால் 640-ஆம் ஆண்டிலேயே தாங் பேரரசின் படை அவ்வரசை அழித்துவிட்டது; மன்னனும் மாண்டான். வாக்கைப் பெற்றுக்கொள்ள ஆள் இல்லை. சிந்து நதியைக் கடக்கும்போது படகு அலைக்கழிக்கப்பட்டு, ஐம்பது சுவடிக் கட்டுகளும் பாரதத்து மலர் விதைகளும் நீரில் வீழ்ந்தன. எஞ்சிய 657 நூல்களுடன் 645-ஆம் ஆண்டில் தலைநகராகிய சாங்ஆனை அடைந்தார். மறைவாகப் போனவரை ஊரே திரண்டு வரவேற்றது. 664-இல் இறக்குமளவும் மொழிபெயர்ப்பிலேயே வாழ்நாளைச் செலவிட்டார்.

இவ்விடைக் காலத்தில் அரசர்களும் உறவு கொண்டனர். 641-இல் ஹர்ஷர் சீனத்துக்குத் தூதனுப்பினார். அங்கிருந்தும் தூதர் வந்தனர். மகதத்திற் சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவரச் சீனப் பேரரசர் ஆளனுப்பினார். எல்லாம் நன்றாகவே நடந்தது. ஆனால் ஹர்ஷர் இறந்ததும் அவ்வுறவு ஒரே நாளில் முறிந்தது. 648-ஆம் ஆண்டை ஒட்டி வந்த வாங் சுவான்சே என்னும் தூதரின் கூட்டத்தை, ஆட்சியைக் கைப்பற்றியிருந்த ஒருவன் தாக்கிக் கொள்ளையிட்டான். தப்பிய தூதர் திபெத்திலும் நேபாளத்திலும் படை திரட்டி வந்து, அவனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றார் என்று சீன வரலாறு கூறுகின்றது. தூதராக வந்தவரே படையோடு திரும்பினார். ஆகவே, போக்குவரவு மட்டுமே சமாதானத்துக்குப் போதாது என்பது தெளிவு.

அப் போர் நடந்து நான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன. 652-ஆம் ஆண்டில், மகதத்திலிருந்து பிக்கு ஒருவர் சாங்ஆன் வந்து சேர்ந்தார். மகாபோதி மடத்திலிருந்து இருவர் எழுதிய கடிதங்களையும், ஓர் இணை வெள்ளைப் பருத்தித் துணியையும் அவர் கொண்டுவந்தார். எழுதியவருள் ஒருவர் சீலபத்திரரின் மாணவரான ஞானப்பிரபர், மற்றவர் பிரக்ஞாதேவர். ஆம், சபையிற் கடுஞ்சொற் கூறிய அவரேதான்! துணி சிறிதென்று எண்ண வேண்டா, வழி நெடிது என்று எழுதியிருந்தார்கள். என்னென்ன நூல்கள் வேண்டுமெனத் தெரிவித்தால் படியெடுத்து அனுப்புவதாகவும் கூறியிருந்தார்கள். அன்று நிகழ்ந்த சொற்பூசலுக்காகப் பிரக்ஞாதேவர் வருத்தமும் சொல்லியனுப்பியிருந்தார்.

654-இல் அப் பிக்கு திரும்பும்போது யுவான் சுவாங் மறுமொழி எழுதினார். தம் குரு சீலபத்திரர் மறைந்த செய்தியைக் கேட்டுத் தாங்கவொணாத் துயருற்றதாக ஞானப்பிரபருக்கு எழுதினார். சிந்து நதியில் இழந்த சுவடிகளின் பட்டியலை இணைத்து, வாய்ப்பு நேரும்போது அனுப்புமாறு வேண்டினார். பிரக்ஞாதேவருக்கோ, சபை கலைந்தபோதே அச் சொற்களை மறந்துவிட்டதாகவும், அவர் இன்னமும் அதனை நினைந்து வருந்துவது ஏன் என்றும் எழுதினார். ஆயினும் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. என் பிரிவே உயர்ந்தது, அதனை ஆராய்ந்து பாருங்கள் என்று அக் கடிதத்திலேயே வற்புறுத்துகின்றார். இருவரும் இறுதிவரை வேறு வேறு கொள்கையினர். அதுவே இந் நட்பின் அழகு. கருத்து ஒன்றானால்தான் நட்பு உண்டாகும் என்பதில்லை. ஒருவர் மொழியை ஒருவர் கற்று, ஒருவர் சோற்றை ஒருவர் உண்டு, நேருக்கு நேர் வாதிட்டவர்களுக்குக் கருத்து மாறாமலே நட்பு நிலைக்கக் கூடும். பத்தாண்டு கழித்தும், பனிமலைகளுக்கு அப்பாலிருந்தும், ஒரு கடுஞ்சொல்லுக்காக ஒருவர் வருந்துகின்றார் எனில், அது வழிப்போக்கரிடம் தோன்றும் உணர்ச்சியன்று.

சரித்திரத்தின் பின்னுரை

பிற்காலத்தில் நாலந்தா அழிந்தது. அதன் பெயரையும் ஊரார் மறந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் கன்னிங்ஹாம் என்னும் ஆங்கிலேயர், யுவான் சுவாங் எழுதிவைத்த தூரங்களையும் திசைகளையும் கொண்டே பரகாவ் கிராமத்து மேடுகள் பழைய நாலந்தா எனக் கண்டார். விருந்தினர் எழுதிய குறிப்பே, வீட்டாருக்கு அவர்தம் வீட்டை மீட்டுக் கொடுத்தது! 1957-இல் யுவான் சுவாங்கின் எலும்புச் சின்னம் சீனத்தின் சார்பில் நாலந்தாவில் பிரதமர் நேருவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐந்தாண்டு கழித்து, 1962-இல், இரு நாடுகளும் போரிட்டன. அவர் பெயரால் அங்கு எழுப்பப்பட்ட நினைவு மண்டபம் 2007-இல்தான் திறக்கப்பட்டது. அரசுகளின் நட்பு மீண்டும் ஒருமுறை முறிந்து, மீண்டும் துளிர்த்தது.

இனி, தொடக்கத்திற் குறிப்பிட்ட என் சொந்தக் காரணத்தைக் கூறுகின்றேன்.

என் அடுத்த குவார்ட்டர்ஸில் இருப்பவர் இவ்வூர்க்காரர். என்னோடு பணி செய்பவர். ஒரு சித்திரை மாதத்து வெயிலில், குழாய் நீர் காரணமாக எங்கள் இருவருக்கும் வாய்ச்சண்டை மூண்டது. கோபத்தில், உங்கள் ஊர்க்காரர்களே இப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். அவரை மட்டும் சொல்லியிருந்தால் ஒரு நாளிற் தீர்ந்திருக்கும். அவர் ஊரையே சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக எனக்குச் சோறிட்ட ஊர் அது. அன்று முதல் இரு வீடுகளுக்கும் பேச்சில்லை. கார்த்திகையில் சட் விரதம் முடிந்ததும் ஆண்டு தவறாமல் எங்கள் வீட்டுக்கு வரும் டேகுவாப் பலகாரம் அவ்வாண்டு வரவில்லை. அவர்கள் ஏன் தரவில்லை என்று என் இளைய மகள் கேட்டாள். மறுமொழி கூற இயலவில்லை.

மார்கழியிற்றான் இக் கடிதங்களைப் படித்தேன். பொங்கலன்று காலை, வழக்கம்போற் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பாமல், பொங்கற் பாத்திரத்தை நானே எடுத்துக்கொண்டு அவர் வாயிலில் நின்றேன். அவருடைய வயது முதிர்ந்த தாயார் கதவைத் திறந்தார். மகதி மொழியில் ஏதோ கூறினார். எனக்குப் பாதியே விளங்கிற்று. பதினாறு ஆண்டுகளில் யுவான் சுவாங் இந் நாட்டுச் சாத்திரங்களையே கற்றுத் தேர்ந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு கிழவியின் பேச்சு எனக்கு முழுதும் விளங்கவில்லை. நாணினேன்.

அதற்குள் நண்பரும் உள்ளிருந்து வந்தார். நான் சொன்னது தவறு என்றேன். தானும் அன்று பேசியது அதிகம் என்றார் அவர். அன்று அவர்களுக்கும் சங்கராந்தி. என்னை அமரச் செய்து, அவலும் தயிரும் வெல்லமும் இட்டு, எள்ளினாற் செய்த தில்குட்டும் வைத்தார்கள். பாத்திரத்தை அம்மையார் வெறுமையாகத் திருப்பவில்லை.

நம் பிரயாணம் நாம் வந்து இறங்கிய நாளிலேயே முடிந்துவிட்டதென்று இதுகாறும் எண்ணியிருந்தேன். அடுத்த வீட்டு வாயிலுக்குச் செல்லும் பத்தடி இன்னும் எஞ்சியிருந்தது. நம் காலனியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அத்தகைய பத்தடி ஒன்று எஞ்சியிருக்கக் கூடும். நம் சங்கம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது இன்றியமையாத தொண்டு, அது வளர்க. அதனோடு, வாரம் ஒரு நாள் இவ்வூர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து, பெரியவர்களாகிய நாம் மகதி கற்கும் ஒரு வகுப்பும் தொடங்கலாகாதா என்று செயற்குழுவினரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன். முதல் மாணவனாக என் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டுகின்றேன்.